வண்டிச் சாவி மட்டும்

என் வண்டிக்கு ஒன்றுமில்லை என்று சொன்னவர்களை எல்லாம் ஒருநாள் அதே வண்டியில் பின்னால் ஏற்றிக்கொண்டு போய், மார்க்கெட் சாலையில் குழாய் பதிக்கத் தோண்டி அரைகுறையாக மூடியிருக்கிற பள்ளத்துக்கு நடுவில் நிறுத்த வேண்டும் என்று எனக்கு வெறியே இருந்தது. அங்கேதான் அது அடிக்கடி நின்றது. இருமல் கிடையாது, முனகல் கிடையாது. ஓடிக்கொண்டிருக்கிற இஞ்சின், பேசிக்கொண்டிருந்தவர் வாயைப் பொத்தினாற்போல நின்றுவிடும். பின்னால் வருகிற லாரிக்காரன் ஹாரனில் வைத்த கையை எடுக்க மாட்டான். பஸ் ஜன்னலில் இருந்து ஒருத்தன், "ஏம்மா, வீட்டுல சொல்லிட்டு வந்தியா?" என்று கேட்டுவிட்டுச் சிரிப்பான். நான் சாவியைத் திருகி அணைத்து, மறுபடி திருகிப் போட்டு பட்டனை அழுத்தினால் வண்டி பச்சைப்பிள்ளை மாதிரி ஒன்றும் அறியாமல் ஓடும். அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். நிற்பதாக இருந்தால் ஒரேயடியாக நின்று தொலைய வேண்டும். நாலு பேருக்கு முன்னால் என்னைப் பொய்க்காரி ஆக்கக் கூடாது.

என் வேலை ரத்தம் கொண்டுபோவது. அப்படிச் சொன்னால் சிலர் ஒரு அடி தள்ளி நிற்பார்கள் என்பதால் லேபில் வேலை என்று சொல்லி வைத்திருக்கிறேன். தெருத்தெருவாக இருக்கிற சின்ன கிளினிக்குகளில் காலையில் எடுக்கிற ரத்தக் குழாய்களை ஐஸ் பெட்டியில் வாங்கி அடுக்கிக்கொண்டு, வெயில் ஏறுவதற்குள் லேபில் சேர்க்க வேண்டும். தாமதமானால் சிலது கெட்டுப்போகும். கெட்டதை லேப்காரர்கள் ஓரமாக ஒதுக்கி வைப்பார்கள். அந்த ஆளைத் திரும்பக் கூப்பிட்டு, திரும்பக் குத்தி, திரும்ப எடுக்க வேண்டும்.

போன மாதம் அப்படித்தான் ஒரு குழந்தையைத் திரும்பக் குத்தினார்கள். நரம்பு கிடைக்காத குழந்தை. நான் கிளினிக் கதவைத் திறந்து உள்ளே நுழைந்ததும், அது என் முகத்தைப் பார்க்கவில்லை, கையில் இருந்த பெட்டியைப் பார்த்தது. பார்த்துவிட்டு அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு ஓவென்று அழுதது. அந்த அம்மா என்னை ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலாவது, வண்டி நின்றுபோச்சும்மா என்று சொல்லியிருப்பேன். கேட்காமல் பார்த்தாளே, அந்தப் பார்வை அன்றைக்கு முழுக்க என் சோற்றில் கிடந்தது.

லேப் மேனேஜர் மட்டும் நன்றாகக் கேட்டார்.

"வண்டி நின்னுச்சு, வண்டி நின்னுச்சுன்னா எப்பிடிம்மா? மத்தவங்க வண்டியெல்லாம் ஓடலையா? இந்த வாரக் கடைசிக்குள்ள சரி பண்ணிக்கங்க. இன்னொரு தடவ லேட் ஆச்சுன்னா ரூட்ட வேற ஆளுக்கு மாத்திடுவேன். உங்களுக்குக் கோபம் வரக்கூடாது பாருங்க, அதான் முன்னாடியே சொல்றேன்."

கோபம் வரக் கூடாதாம். எனக்கு வேறு என்ன வரும்?

ஊரிலேயே வண்டி வயரிங்குக்கு டார்ச்சை விட்டால் ஆளில்லை என்றார்கள். அந்த மெக்கானிக்கின் சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. எப்போதும் ஒரு சின்ன டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு இரண்டு கையாலும் வேலை பார்ப்பார், கவ்விக்கொண்டே பேசுவார். பாதி விளங்காது. விளங்குகிற பாதி திட்டாகத்தான் இருக்கும். அவர் பட்டறைச் சுவரில் சிவப்புப் பெயிண்டில் கொட்டை எழுத்தில் ஒரே ஒரு வாசகம் உண்டு. வண்டிச் சாவி மட்டும். ஏதோ ஒரு வருஷம், அவரிடம் வண்டி விட்ட ஒருத்தர் வீட்டில் திருடு போயிருக்கிறது. வீட்டுச் சாவி வண்டிச் சாவியோடு ஒரே கொத்தில் இவரிடம் கிடந்ததால் போலீஸ் இவரைக் கூட்டிக்கொண்டு போய் நாள் முழுக்க பெஞ்சில் உட்கார வைத்துவிட்டது. கடைசியில் திருடியது அந்த வீட்டுக்காரரின் சொந்த மச்சினன். ஆனால் ஒருத்தரும் பட்டறைக்கு வந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்றைக்கு எழுதிய போர்டு அது.

ஆகவே டார்ச்சிடம் போனால் முதல் வேலை, கொத்தில் இருந்து வண்டிச் சாவியைத் தனியாகக் கழற்றுவது. நாம் கழற்றுகிறவரைக்கும் அவர் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார், யாரோ உடை மாற்றுகிறாற்போல. என் வளையம் கொஞ்சம் கனமான இரும்பு வளையம். அதைப் பிரித்துச் சாவியை உருவுவதற்குள் நகம் பெயர்ந்துவிடும். மிச்சக் கொத்தைப் பையில் போட்டதும் பை தோளில் இருந்து சரியும்.

முதல் தடவை அவர் பிளக்கை மாற்றினார். வண்டியை எடுத்துக்கொண்டு நாலு தெரு சுற்றி வந்து, "நல்லாத்தானே ஓடுது?" என்றார். நான் சாவியை வாங்கி மறுபடி கொத்தில் கோத்துக்கொண்டு கிளம்பி, மார்க்கெட் சாலைக்கு வந்தேன். நின்றது.

இரண்டாம் தடவை டார்ச்சை வாயில் இருந்து எடுத்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார். அதற்காக அவருக்கு ஒரு கும்பிடு போடலாம், வேறு யாரும் என்னிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

"நின்னதும் ஹாரன் அடிச்சுப் பாத்தீங்களா?"

"வண்டி நிக்கிற கடுப்புல ஹாரன் வேற அடிப்பாங்களா?"

"அடிக்கணும். இஞ்சின் மட்டும் செத்துச்சா, இல்ல ஹாரனு, லைட்டு எல்லாம் சேந்து செத்துச்சா? அது தெரியாம நான் எங்கன்னு தேடுறது?"

அன்றைக்கே தெரிந்துவிட்டது. பள்ளத்தில் நின்றதும் கட்டைவிரலால் ஹாரனை அழுத்தினேன். சத்தம் இல்லை. சாவிக்குக் கீழே எரிகிற பச்சை விளக்கும் இல்லை. எல்லாமே ஒரேயடியாகச் செத்துப்போய், நான் சாவியைத் திருகியதும் எல்லாமே சேர்ந்து எழுந்துகொண்டது. திரும்பிப் போய்ச் சொன்னேன். அவர் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் வந்தது. அப்படியானால் கோளாறு பேட்டரியில் இருந்து வருகிற முதன்மை லைனில்தான் என்றார். பேட்டரி முனைகளைச் சுரண்டி இறுக்கினார், ஃப்யூஸை மாற்றினார், சீட்டையும் டேங்க்கையும் கழற்றிப் போட்டு இஞ்சினை ஓடவிட்டு, வயர் கட்டு முழுவதையும் ஜாண் ஜாணாகப் பிடித்து ஆட்டினார். சந்தேகக் கேஸில் தெருவையே அள்ளிக்கொண்டு போய் விசாரிப்பதைப்போல ஒரு வயரை விடவில்லை. இஞ்சின் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஒரு விக்கல்கூட இல்லை.

"வயர் வயரா ஆட்டிட்டேன் தங்கச்சி. உங்க வண்டிக்கு ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாமயா நிக்குது?"

"எங்கிட்ட நிக்கலையே."

அவரிடம் நிற்காத வண்டி. என்னிடம் மட்டும் நிற்கிற வண்டி. எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் போல இருந்தது.

இதில் என் தம்பி வேறு. அவன் ஒரு வெளியூர் வேலைக்குப் போக வண்டி கேட்டான். வீட்டுச் சாவியெல்லாம் எனக்கு வேண்டும் என்பதால் வண்டிச் சாவியை மட்டும் கழற்றிக் கொடுத்தேன். போய்விட்டு வந்து, சாவியை விரலில் சுழற்றிக்கொண்டே சொன்னான்.

"அக்கா, வண்டி அப்பிடியே வழுக்கிக்கிட்டுப் போகுது. ஒரு இடத்துல நிக்கல. நீ ஓட்டுற விதம்தான் சரியில்ல. கிளட்ச பாதி பிடிக்கிற, பாதி விடுற."

இவனுக்கு சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தது நான். சீட்டைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடி ஓடி, விட்டுவிடாதே அக்கா, விட்டுவிடாதே அக்கா என்று அழுதவனை ஓட்ட வைத்தது நான். இவன் எனக்குக் கிளட்ச் சொல்லிக்கொடுக்கிறான்.

"இஞ்சின் நிக்கிறது வேற, கரண்டு நிக்கிறது வேறடா. ஹாரனே வரலைங்கிறேன், அதுக்கும் கிளட்சா?"

"சரி சரி, கத்தாத" என்றான். நான் அதுவரை கத்தவே இல்லை. அவன் சொன்ன பிறகுதான் கத்தினேன்.

இதெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் என் வீட்டுக்காரர் சொன்னதைத்தான் பொறுக்க முடியவில்லை. அவர் கடைத்தெருவில் பாத்திரக் கடை வைத்திருக்கிறார். மறதி ஜாஸ்தி, ஆனால் அன்றைக்குச் சொல்ல வந்ததை மறக்கவில்லை. சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டே, ஏதோ பால் பாக்கெட் வாங்கச் சொல்கிற மாதிரி சொன்னார்.

"மாப்ள நாளைக்கு வருவான். வண்டிய அவனே எடுத்துக்கட்டும்னு சொல்லிட்டேன். அவன்கிட்டன்னா ஒழுங்கா ஓடுது, உனக்கு தினமும் தலைவலி. நீ கொஞ்ச நாளு பஸ்ல போ, இல்ல வேலைய விட்டுட்டு கடையில வந்து உக்காரு."

"யாரோட வண்டி அது?"

"இப்ப எதுக்கு இந்தக் கேள்வி?"

"யாரு வண்டிய யாருக்கு யாரு குடுக்கிறது? என்னக் கேட்டீங்களா?"

"கேட்டா நீ கத்துவ. அதான் கேக்கல."

மனுஷனுக்கு எவ்வளவு தெளிவு பாருங்கள். கத்துவாள் என்று தெரிந்திருக்கிறது, ஏன் கத்துவாள் என்று மட்டும் தெரியவில்லை. அந்த வண்டி என் சம்பளத்தில் வாங்கியது. பஸ்ஸில் ரத்தப் பெட்டியை ஏற்றிக்கொண்டு போக முடியாது. வண்டி போனால் ரூட் போகும். ரூட் போனால் நான் பாத்திரக் கடையில் உட்கார்ந்து, வருகிறவர்களுக்குக் கிண்ணம் தட்டிக் காட்ட வேண்டியதுதான். அவருக்கு இது தெரியாமல் இல்லை. தெரிந்தும் அவருக்கு அது ஒன்றும் பெரிய விஷயமாகப் படவில்லை.

சனிக்கிழமை காலை கிளினிக்குகளை முடித்துக்கொண்டு, பெட்டி நிறைய ரத்தத்தோடு கிளம்பினேன். கடைசி கிளினிக் வாசலில் உள்ள வேகத்தடையில் ஏறி இறங்கியதும் நின்றது. திருகினேன், ஓடியது. ஆஸ்பத்திரி முக்கு திரும்பினேன். நின்றது. அப்போது என்ன நினைத்தேன் என்று எனக்குத் தெரியாது. லேபுக்குப் போகிற வழியில்தான் பட்டறை. நேராக உள்ளே விட்டேன்.

டார்ச் ஒரு வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்தார். வழக்கம்போல என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "சாவியக் கழட்டிக் குடுத்துட்டுப் போங்க. சாயங்காலம் பாக்கிறேன்" என்றார்.

"கழட்ட மாட்டேன்."

"என்னது?"

"கழட்ட மாட்டேன்னேன். எத்தன தடவ கழட்டிக் குடுத்தாச்சு, என்ன கிழிச்சீங்க? நீங்க ஓட்டினா நிக்காது, என் தம்பி ஓட்டினா நிக்காது. நான் ஓட்டுறேன், நீங்க பின்னாடி உக்காருங்க. நிக்குதா இல்லையான்னு உங்க கண்ணால பாருங்க. எந்திரிங்க."

"கடைய யாரு பாத்துக்கிறது?"

"கடை எங்கயும் ஓடிப்போகாது. என் வண்டியே ஓட மாட்டேங்குது."

எதிர்க் கடைக்காரர் சிரித்துவிட்டார். டார்ச்சுக்குக் கோபம், ஆனால் எழுந்துவிட்டார். கையைத் துணியில் துடைத்துக்கொண்டு வந்தார். பின் சீட்டில் கட்டியிருந்த பெட்டியை அவிழ்த்து அவர் மடியில் வைத்தேன்.

"இதுல என்ன?"

"ரத்தம்."

"ஐயோ. எனக்கு ரத்தம்னாலே மயக்கம் வரும் தங்கச்சி."

"மூடித்தான் இருக்கு. இறுக்கிப் பிடிங்க, கீழ போட்டா நான் உங்கள விடமாட்டேன்."

கண்ணை மூடிக்கொண்டு பிடித்துக்கொண்டார் என்றுதான் நினைக்கிறேன். மார்க்கெட் சாலைக்குத் திரும்பினேன். இந்தத் தடவை நின்று தொலை, இவர் முன்னால் நின்று தொலை என்று வண்டியிடம் மனசுக்குள் கெஞ்சினேன். இதுவரைக்கும் நிற்காதே நிற்காதே என்று கெஞ்சியவள். முதல் பள்ளத்தில் நிற்கவில்லை. இரண்டாவதில் நிற்கவில்லை. பின்னால் அவர் கனைப்பது கேட்டது. "பாத்தீங்களா..." என்று ஆரம்பித்தார். மூன்றாவது பள்ளத்தில் முன் சக்கரம் தொப்பென்று இறங்கியது. அவ்வளவுதான், எல்லாம் செத்தது.

எனக்கு ஆனந்தமாக இருந்தது. நடுரோட்டில் வண்டி நின்றதற்கு ஆனந்தப்பட்ட ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். பழக்க தோஷத்தில் கை தானாகச் சாவிக்குப் போனது.

"தொடாதீங்க!" என்று பின்னால் இருந்து ஒரு கத்தல். "கையெடுங்க! ஒண்ணையும் தொடாதீங்க!"

இறங்கினார். பெட்டியை என்னிடம் திணித்தார். அந்தப் பட்டப்பகலில் பாக்கெட்டில் இருந்து டார்ச்சை எடுத்து வாயில் கவ்விக்கொண்டார். பின்னால் லாரிக்காரன் ஆரம்பித்தான். டார்ச் வாயில் டார்ச்சோடு அவனைப் பார்த்து ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்று விளங்கவில்லை, ஆனால் லாரிக்காரன் ஹாரனை நிறுத்திவிட்டான்.

ஹாரனை அழுத்தினார். இல்லை. லைட்டைப் போட்டார். இல்லை. குனிந்து சாவித் துவாரத்தைப் பார்த்தார். அங்கே வண்டிச் சாவி செருகியிருக்க, அதன் வளையத்தில் என் கொத்து முழுவதும் தொங்கிக்கொண்டிருந்தது. இன்னும் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. அவர் உள்ளங்கையை அதற்கு அடியில் கொடுத்து, குழந்தையின் தலையைத் தாங்குவதைப்போலக் கொத்தை மெல்லத் தூக்கினார்.

பச்சை விளக்கு எரிந்தது.

கையை எடுத்தார். கொத்து தொங்கியது. விளக்கு அணைந்தது.

தூக்கினார், எரிந்தது. விட்டார், அணைந்தது. மறுபடியும் செய்தார், மறுபடியும் செய்தார். இரண்டு பேரும் அந்தச் சின்ன விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றோம். ஒவ்வொரு தடவையும் நான் பதறிப்போய்ச் சாவியைப் பிடித்துத் திருகும்போது கொத்து என் கைக்குள் வந்துவிட்டிருக்கிறது, பாரம் போய்விட்டிருக்கிறது. கோளாறைத் தேடி அலைந்த நானே அதை என் கையால் மூடி மறைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

டார்ச் வாயில் இருந்து டார்ச்சை எடுத்தார்.

"இவ்ளோ சாவி எதுக்கு? ஜெயில்லயா வேல பாக்கிறீங்க?"

கொத்தை இன்னொரு தடவை உள்ளங்கையில் தூக்கி எடை பார்த்தார்.

"இத்தன நாளா இது எங்க இருந்துச்சு?"

"என் பையில. நீங்கதான கழட்டச் சொன்னீங்க."

அவர் முகம் கறுத்துப் போனது.

"நான் வயரத்தான் ஆட்டினேன்" என்றார். "சாவிய ஆட்டல. ஒத்தச் சாவியில ஆட்டுறதுக்கு என்ன இருக்குன்னு விட்டுட்டேன். போர்ட எழுதிப் போட்டு நானே நோய வெளிய நிறுத்திட்டுத்தான் உள்ள வைத்தியம் பாத்திருக்கேன், த்தூ." துப்பியது மண்ணில்தான், ஆனால் தன் மேலேயே துப்பிக்கொண்ட மாதிரி இருந்தது. "லாக் உள்ள தேஞ்சுபோச்சு தங்கச்சி. இந்த எடை தொங்கித் தொங்கி இழுத்து இழுத்தே தேஞ்சிருக்கு. குலுங்கினா கொத்து இழுக்குது, உள்ள தொடுப்பு விட்டுப்போகுது. திங்கக்கிழம புது லாக் போட்டுடுறேன். ஆனா இந்தக் கொத்தத் தொங்கவிட்டீங்கன்னா அதுவும் இதே கதிதான்."

அவரைத் திட்ட வாயில் நிறைய வைத்திருந்தேன். ஆனால் என் கோபம் இடம் மாறிவிட்டது. நடுரோட்டில் பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அந்தக் கொத்தையே பார்த்தேன். அதில் எனக்கென்று இருந்தது வண்டிச் சாவியும் என் வீட்டுச் சாவியும்தான். மற்றதெல்லாம் யாருடையது? தம்பி வீட்டு முன்கதவு, பின்கதவு, கேட் பூட்டு. அவனும் அவன் பெண்டாட்டியும் ஊருக்குப் போனால் நான் போய் மோட்டார் போட வேண்டும், கேஸ்காரன் வந்தால் திறந்துவிட வேண்டும். வீட்டுக்காரர் கடையின் ஷட்டர் சாவி இரண்டு. அவர் மறந்துவிட்டுப் போவார், நான் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். மாமியார் வீட்டுச் சாவி, மாமியாரின் பீரோ சாவி. லேபின் பின்வாசல், ஐஸ் அறை. சீக்கிரம் வருகிறவள் நீதானே, நீயே திறந்துகொள் என்று மேனேஜர் கொடுத்தது. ஒருத்தர்கூட உனக்கு முடியுமா என்று கேட்டுக் கொடுக்கவில்லை. அவகிட்டக் குடு, அவதான் வண்டியில சுத்திக்கிட்டே இருக்காளே. எல்லோருக்கும் இதே பாட்டுதான். எல்லாருடைய கதவையும் என் வண்டியில் தொங்கவிட்டுவிட்டு, அது பாரம் தாங்காமல் நின்றால் எனக்கு ஓட்டத் தெரியவில்லையாம்.

அங்கேயே வளையத்தைப் பிரித்தேன். நகம் பெயர்ந்து ரத்தம் வந்தது. டார்ச் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார், இந்தத் தடவை ரத்தத்துக்காக. பெட்டியை அவர் கையில் கொடுத்துப் பின்னால் ஏற்றிக்கொண்டு, வண்டிச் சாவியை மட்டும் செருகி அழுத்தினேன். கிளம்பியது. அடுத்த பள்ளத்தில் இறங்கியது, ஏறியது. நிற்கவில்லை. அதற்கடுத்ததிலும் நிற்கவில்லை.

லேப் வாசலில் டார்ச் இறங்கி, பெட்டியை என் கையில் கொடுத்துவிட்டுத் தண்ணீர் கேட்டார். நேரத்துக்கு வந்துவிட்டேன். மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், குறை சொல்ல ஒன்றும் கிடைக்காதவர்களுக்கு வருகிற சிரிப்பு ஒன்று சிரித்தார்.

"இன்னைக்கு நிக்கலையா வண்டி?"

"நின்னுச்சு சார். ஏன்னு கண்டுபிடிச்சாச்சு." பின்வாசல் சாவியையும் ஐஸ் அறைச் சாவியையும் அவர் மேஜையில் வைத்தேன். "இதெல்லாம் வாட்ச்மேன்கிட்ட இருக்கணும். இல்ல உங்ககிட்ட இருக்கணும். இனிமே நான் வந்தா யாராவது திறந்துவிடுங்க."

"என்னம்மா திடீர்னு..."

"திடீர்னு இல்ல சார். ரொம்ப லேட்டு."

ரூட்டைப் பற்றி அவர் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. திங்கட்கிழமைக்கான கிளினிக் விவரம் வழக்கம்போல என் போனுக்கு வந்தது.

சாயங்காலம் தம்பி வந்தான். வண்டியில் திரும்பிப் போகிற தெம்பில் பஸ்ஸில் வந்திருந்தான், கையில் புது ஹெல்மெட். அதைப் பார்த்ததும் எனக்கு உச்சந்தலையில் சுரீரென்றது. என் வண்டிக்கு ஹெல்மெட் வாங்கியாகிவிட்டது, என்னிடம் ஒரு வார்த்தை கேட்கத்தான் நேரமில்லை. வீட்டுக்காரர் அவனை உட்கார வைத்துக் காபி கொடுத்தார். இரண்டு பேரும் வண்டிக்கு என்ன கலர் அடிக்கலாம் என்பதுவரை போய்விட்டார்கள். நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

"சரிக்கா, கிளம்புறேன்" என்று எழுந்து, உள்ளங்கையை நீட்டினான். "சாவியக் குடு."

நான் பையில் இருந்து எடுத்து அவன் கையில் வைத்தேன். ஒன்று, இன்னொன்று, இன்னொன்று. அவன் சிரித்துக்கொண்டே வாங்கினான், பிறகு கையைப் பார்த்தான், சிரிப்பு நின்றது.

"இது எங்க வீட்டுச் சாவி."

"ஆமா, உன்னோடதுதான். முன்கதவு, பின்கதவு, கேட்டு. எண்ணிப் பாத்துக்க."

"அக்கா, நான் வண்டிச் சாவியக் கேட்டேன்."

"வண்டிச் சாவி வண்டிக்காரிகிட்ட இருக்கு."

"மாமா?" என்றான், பக்கத்து வீட்டுப் பையன் பந்தைப் பிடுங்கிக்கொண்டதைப் புகார் சொல்கிற குரலில். வீட்டுக்காரர் காபி டம்ளரைக் கீழே வைத்தார்.

"என்ன இது புதுசா?"

"உங்களுக்கும் இருக்கு." ஷட்டர் சாவி இரண்டையும் டம்ளருக்குப் பக்கத்தில் வைத்தேன். மாமியார் வீட்டுச் சாவியையும் பீரோ சாவியையும் அதற்குப் பக்கத்தில் வைத்தேன். "உங்க கடை. உங்க அம்மா. நான் போய்ப் பாக்க மாட்டேன்னு சொல்லல, அவங்களுக்கு ஒண்ணுன்னா நான்தான் முதல்ல ஓடுவேன். ஆனா கதவத் திறக்க நீங்க வாங்க."

"நான் தொலச்சுடுவேன்னு உனக்குத் தெரியும்ல?"

"தொலச்சுட்டுப் போங்க. அப்பத்தான் தேடப் பழகுவீங்க."

நான் கத்தவில்லை. அதனால்தான் அவர்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கத்தினால் சமாதானம் சொல்லத் தெரியும், கத்தாதே என்று சொல்லத் தெரியும். வீட்டுக்காரர் சாவிகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார், எது எந்தக் கதவுக்கு என்று அவருக்குத் தெரியவில்லை.

தம்பி ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தான். தெருவைப் பார்த்தான். கடைசி பஸ் போய்விட்டதோ இருக்கிறதோ, அவன் முகத்தைப் பார்த்தால் போய்விட்ட மாதிரிதான் இருந்தது.

"அக்கா, பஸ் ஸ்டாண்டு வரைக்குமாவது கொண்டுவந்து விடேன்."

"ஏறு" என்றேன்.

பஸ் ஸ்டாண்டுக்கு நேர் வழி ஒன்று உண்டு. நான் மார்க்கெட் சாலை வழியாகப் போனேன். ஒரு பள்ளம் விடவில்லை. ஒவ்வொன்றிலும் முன்சக்கரத்தை இறக்கி ஏற்றினேன். அவன் பின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "மெதுவாக்கா, மெதுவாக்கா" என்று சைக்கிள் கற்றுக்கொண்ட குரலில் கத்தினான். வண்டி ஒரு இடத்திலும் நிற்கவில்லை. பச்சை விளக்கு கண் சிமிட்டவில்லை.

பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஹெல்மெட்டைக் கழற்றினான். வண்டியை முன்னும் பின்னும் பார்த்தான்.

"நல்லாத்தான் ஓடுது. எப்பக்கா சரியாச்சு?"

"உன் சாவிய உன் கையில குடுத்தேன் பாரு, அப்ப."

அவனுக்கு விளங்கவில்லை. நான் கியரைப் போட்டுத் திரும்பினேன். கண்ணாடியில் பார்த்தபோது, அவன் ஒரு கையில் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, இன்னொரு கையால் பாக்கெட்டில் கனத்துக்கொண்டிருந்த சாவிகளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நின்றான்.